புத்தகக்கடையும் காதற்கதையும்

மேல்பட்டாம்பாக்கத்தில் என்னிடம் அரபு பயிலும் மாணவியொருத்தியின் கிதாபுகளுக்கிடையே ஒருநாள் ஆங்கில நாவலொன்றைக் கண்டேன். புத்தகக்கடையில் சந்திக்கும் இருவர் மணவாழ்வில் இணையும் கதையாம். கடிந்துகொண்டு அதனை வாங்கி வைத்துவிட்டேன். "உஸ்தாத், இத்தகைய கதைகளை நம்மவர் எழுதியதே இல்லையா?" என்றாள் அவள். அன்று நான் விடை கூறவில்லை.

மேனாட்டில் இவ்வகைக் கதை புதிதன்று. 1917-இல் அமெரிக்கரான கிறிஸ்டோபர் மார்லி எழுதிய கதையில், புத்தகம் விற்கும் குதிரைவண்டியை விலைக்கு வாங்கும் பெண்மணி, முடிவில் அவ்வண்டியை விற்றவரையே மணக்கிறாள். ஆனால் புத்தகக்கடையும் காதற்கதையும் ஒன்றையொன்று அறிந்தது அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பக்தாதில் நூற்றுக்கு மேற்பட்ட புத்தகக்கடைகள் இருந்தன என்கிறார் யஅகூபீ. நூல்களைப் படியெடுத்து விற்போருக்கு 'வர்ராக்' என்று பெயர். பேரறிஞர் ஜாஹிழ் அக்கடைகளை வாடகைக்கு அமர்த்தி, இரவெல்லாம் அங்கேயே தங்கிப் படித்தார் என்பர்.

அத்தகைய வர்ராக் ஒருவரே இப்னு நதீம். அரபு மொழியில் தாம் அறிந்த நூல்களையெல்லாம் தொகுத்து, ஹிஜ்ரி 377-இல் (கி.பி. 987) 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பட்டியலை இயற்றினார். அதன் பத்துப் பிரிவுகளுள் முதலாவதில் திருக்குர்ஆன் பற்றிய நூல்கள், ஆறாவதில் ஃபிக்ஹு, எட்டாவதில் கதைகள். மஜ்னூன்–லைலா, ஜமீல்–புஸைனா, கைஸ்–லுப்னா ஆகிய காதலரைப் பற்றிய நூல்கள் அங்கே வரிசையாக இடம்பெறுகின்றன. ஆயிரத்தோரு இரவுகளுக்கு மூலமான பாரசீகக் கதைநூலைச் சுவையற்றது என்று அவர் இகழ்ந்தார். ஆயினும் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. தம் கருத்தைச் சொன்னார், நூலை மறைக்கவில்லை.

கடைக்காரர்தாமே என்று ஒதுக்கிவிடவும் இயலாது. ஸ்பெயின் நாட்டுச் சட்டமேதை இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்), காதலைப் பற்றியே 'தவ்குல் ஹமாமா' என்னும் நூலை எழுதினார். காதலின் அடையாளங்களில் தொடங்கும் அந்நூல், கற்பின் சிறப்பில் நிறைவுறுகிறது.

நம் மண்ணிலோ? நாகூரில் மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பை நிறுத்தியவர் சித்தி ஜுனைதா பேகம். அவர் 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். அதற்கு அணிந்துரை வழங்கியவர் தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர். ஏட்டுச்சுவடிகளில் ஆழ்ந்திருந்த அம்முதுபெரும் புலவர், வீட்டுக்குள் இருந்து எழுதிய ஒரு முஸ்லிம் பெண்ணின் கதையைப் படிக்கத் தயங்கவில்லை. என் மாணவியின் கையிலிருந்த கதையை நானோ ஒரு பக்கமேனும் படிக்காமல் பறித்துவிட்டேன்!

நம் பெண்மக்கள் எதையேனும் படிக்கத்தான் போகிறார்கள். நமக்கு அஞ்சி ஒளித்துப் படிப்பதா, நம்மோடு பேசிப் படிப்பதா என்பதே கேள்வி. ஒளித்துப் படிப்பவளுக்கு எந்த உஸ்தாதும் துணைநிற்க முடியாது.

நாவலைப் படித்து முடித்தேன். சில இடங்கள் எனக்கு உடன்பாடில்லை. அவற்றை மாணவியிடமே சொல்லி, நூலைத் திருப்பிக் கொடுத்தேன். "அடுத்து ஜுனைதா பேகத்தைப் படி, படித்து உன் கருத்தைச் சொல்" என்றேன். இப்போது விடைக்குக் காத்திருப்பவன் நான்.