பதின்பருவத்துத் தந்தையர்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் ஒருவகை வரலாற்று ஆவணமே. பிள்ளையின் பிறந்த நாளையும் தந்தையின் பிறந்த நாளையும் தொழிலையும் அடுத்தடுத்துப் படித்தால், எழுதப்படாத குடும்பக் கதையொன்று புலனாகும். கெடாவின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த பண்டார் பாரு வட்டாரத்தில் பணியாற்றும் எனக்கு, அண்மையில் அத்தகைய கதையொன்று எதிர்ப்பட்டது. முதலாம் ஆண்டில் மகனைச் சேர்க்க வந்தவர் என் பழைய மாணவர். மகனுக்கு வயது ஏழு, அவருக்கோ இருபத்தாறு. கணக்கில் வல்லவராயிருந்த அவர், ஆறாம் படிவத்தைப் பாதியில் விட்டு, செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலைக்குச் சேர்ந்தவர்.

பதின்பருவத்தில் தந்தையானோர் பலர் முன்பும் இருந்தனர். அதனைத் தாமே ஒளிவின்றி உரைத்தவருள் தலையாயவர் காந்தியடிகள். 1869இல் பிறந்த அவர், பதின்மூன்றாம் வயதில் கஸ்தூரிபாயை மணந்தார். தந்தையார் கரம்சந்த் 1885இல் மறைந்தபோது அடிகளுக்கு வயது பதினாறு. அதனையடுத்துப் பிறந்த முதற்குழந்தை மூன்று நான்கு நாள்களே வாழ்ந்தது. தந்தை உயிர்நீத்த வேளையில் தாம் மனைவியின் அறையில் இருந்ததையும் குழந்தையின் இறப்பையும் சேர்த்து இரட்டை வெட்கமெனத் தம் வரலாற்றில் அவர் பதிந்துள்ளார்.

1888இல் ஹரிலால் பிறந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள், சில மாதக் குழந்தையைப் பிரிந்து, அடிகள் பம்பாயில் கப்பலேறினார். இலண்டனில் இந்திய மாணவர் பலர் தம் திருமணத்தை மறைத்தனர். அவரும் மணமாகாதவரைப்போலவே நடந்துகொண்டார். பின்னர் உள்ளம் பொறாது, தம்மிடம் அன்பு பாராட்டிய மூதாட்டிக்கு மடல் எழுதி உண்மையை ஒப்புக்கொண்டார். வாலிபனாக உலவ விரும்பும் மனமும் தந்தையெனும் உண்மையும் ஒருவருக்குள்ளேயே மோதியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1891இல் பாரிஸ்டராகத் திரும்பியும் பம்பாயில் தொழில் வாய்க்கவில்லை. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்றார். 1896இன் இறுதியிலேதான் குடும்பத்தை உடன் கொண்டு சென்றார். மூத்த மகனின் முதல் எட்டாண்டுகளில் ஏறத்தாழ ஆறாண்டுகள் தந்தை கடலுக்கப்பால் இருந்தார். அக்காலமெல்லாம் குடும்பம் குலையாது நின்றதற்குக் காரணம் தமையனார் இலட்சுமிதாசரும் அக்கூட்டுக்குடும்பமுமே ஆவர். கஸ்தூரிபாய் சுமந்ததோ கணக்கில் வாராதது. பின்னாளில் தாமும் பாரிஸ்டர் ஆக விழைந்த ஹரிலாலுக்குத் தந்தை இசையவில்லை. 1911இல் மகன் பிரிந்தார். அப்பிளவுக்கு இளவயதுத் தந்தைமை ஒன்றே காரணமென்பது மிகை. ஆயினும் தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறியாது கழிந்த அவ்வாறு ஆண்டுகளை எளிதில் ஒதுக்கவும் என்னால் இயலவில்லை.

நம் தோட்டங்களுக்கு வருவோம். கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938இல் நின்றது. அதுவரை வந்தோரில் மிகப்பலர் பாட்டன் பூட்டன் சுற்றத்தை ஊரிலேயே விட்டு வந்தவர்கள். லயத்து வீட்டில் செலவைத் தாங்கும் தமையன் ஏது? தந்தையான இளைஞன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துப் பால்வெட்டும் கத்தியை எடுப்பதே வழி. படிப்பைத் தொடரும் வாய்ப்பும் அத்துடன் முற்றுப்பெற்றது. திருமணமும் சடங்கோடு முடிந்தது, பதிவு கட்டாயமன்று. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த பின்னரே, முசுலிம் அல்லாதார்க்குப் பதிவு கட்டாயமாயிற்று; ஆணுக்குப் பதினெட்டு வயது என்ற வரம்பும் உறுதியாயிற்று. இருபத்தொன்று நிரம்பாதார்க்குப் பெற்றோர் இசைவும் வேண்டும். சட்டம் வயதைக் காத்தது. பதினெட்டில் மணந்து பத்தொன்பதில் தந்தையாகும் இளைஞனின் படிப்பைக் காப்பது அதன் வேலையன்று.

என் மாணவர் படிவத்தை நிரப்பித் தந்துவிட்டு உடனே எழவில்லை. எஸ்.டி.பி.எம். தேர்வைத் தனியராக எழுத இயலுமா என்று வினவினார். இயலும் என்றேன். மகனை ஒருமுறை பார்த்தார்.

"தேர்வு நாள்களில் சம்பளம் போய்விடுமே, ஐயா" என்றார்.