வண்டிச் சக்கரமும் விராலடிப்பானும்

தமிழில் விராலடிப்பான் எனப்படும் ஆஸ்ப்ரே, ஏறக்குறைய மீனை மட்டுமே உண்டு வாழும் வேட்டைப்பறவை. குளிர்காலத்தில் தமிழகக் கழிமுகங்களுக்கும் வருவதுண்டு என்றாலும், அது கூடு கட்டுவது வடநாடுகளில்தான். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கடலோரத்தில், குதிரை வண்டிக் காலத்து உழவர்கள் உயர்ந்த கம்பத்தின் உச்சியில் பழைய வண்டிச் சக்கரத்தைக் கிடத்தி இப்பறவைக்குக் கூட்டிடம் அமைத்தனர். கோழிகளைக் கவரும் பருந்துகளை அது அண்டவிடாது என்று அவர்கள் நம்பினர்.

அந்தக் கம்பத்தின் தேவை புயலாலும் விளைந்தது. ஆண்டுதோறும் சுள்ளி சேர்த்துப் பெருக்கும் கூட்டின் பாரத்தைப் பட்டமரம் புயற்காற்றில் நெடுநாள் தாங்குவதில்லை. ஆனால் பெரும் சூறாவளிகள் குஞ்சுகள் பறந்துவிட்ட ஆகஸ்ட், செப்டம்பரில் வருவதால், குஞ்சுகளுக்கு ஜூன் மாதத்து அடைமழையே கொடியது. நீர் கலங்கி ஆண்பறவைக்கு மீன் தென்படாமற்போக, குஞ்சுகள் குளிரிலும் பசியிலும் மடிகின்றன.

அதே நியூ இங்கிலாந்துக் கடலோரத்தின் கனெக்டிகட் ஆற்று முகத்துவாரத்தில், படகுத்துறைகளை அடுத்த ஓல்டு லைம் ஊரில், பறவையியலாளர் ரோஜர் டோரி பீட்டர்சன் 1954இல் குடியேறியபோது சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 150 கூடுகள் இருந்தன. அவை விரைவாகக் குறையவே, முட்டை திருடும் ரக்கூன் என்னும் விலங்கின்மீது ஐயம் விழுந்தது. அது ஏற முடியாத கம்பங்களின்மேல் மேடைகள் அமைக்கப்பட்டன. பறவைகள் அவற்றை விரும்பி ஏற்றன. ஆயினும் முட்டைகள் பொரியவில்லை. காற்றையும் விலங்கையும் தடுத்த கம்பத்தால் தடுக்க இயலாத ஏதோ ஒன்று அங்கே இருந்தது.

அதைக் காட்டியது ஒரு முட்டைமாற்றம். 1968இல் தொடங்கிய ஆய்வில், பால் ஸ்பிட்சர் முதலான ஆய்வாளர்கள் நலமான கூடுகள் மிகுந்த மேரிலாந்து மாநிலத்திலிருந்து முட்டைகளைக் கொணர்ந்து கனெக்டிகட் கூடுகளில் வைத்தனர். கனெக்டிகட் முட்டைகளை அங்கே அனுப்பினர். வந்தவை இயல்பாகப் பொரிந்தன, சென்றவையோ பெரும்பாலும் பொரியவில்லை. ஆகவே தாயின் அடைகாப்பிலோ, இடத்திலோ குறையில்லை, குறை முட்டைக்குள்ளேயே இருந்தது என்பது உறுதியாயிற்று. கொசுவை ஒழிக்கத் தெளித்த டி.டி.டி. பூச்சிக்கொல்லி, மீன் வழியே பறவையின் உடலில் சேர்ந்து முட்டையோட்டை மெலிவித்திருந்தது. எளிமையில் இந்த முட்டைமாற்றத்துக்கு நிகரான களச்சோதனை அரிது.

1972இல் டி.டி.டி. அமெரிக்காவில் தடை செய்யப்பட்டது. 1974இல் கனெக்டிகட் மாநிலம் முழுவதிலும் ஒன்பது கூடுகளே பயன்பாட்டில் இருந்தன; பின்னர் எண்ணிக்கை மெல்ல உயர்ந்து பல நூறாகியது. மேடைகளை நாட்டுவதும் செப்பனிடுவதும் இன்றும் தன்னார்வலர்களின் பணியாகவே தொடர்கின்றன. பறவைகள் மார்ச்சில் திரும்புவதற்குள், குளிர்காலக் காற்றில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்துகின்றனர். சுள்ளிகளோடு பறவைகள் சேர்த்துவைத்த, குஞ்சுகளின் காலில் சுற்றி இறுகும் தூண்டில் நரம்பையும் நைலான் கயிற்றையும் கூடுகளிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்தெடுக்கின்றனர்.