கிளாக்கோமா: 'கண்ணு நல்லாத்தானே தெரியுது'னு சொட்டு மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்?

கண்ணில் வலி இல்லை, சிவப்பும் இல்லை. டிவி, பேப்பர் எல்லாம் நல்லாத்தான் தெரியுது. அப்புறம் எதுக்கு தினமும் சொட்டு மருந்து? கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் பலர், சில மாதங்களிலேயே இப்படி யோசித்து மருந்தை விட்டுவிடுகிறார்கள்.

இந்த நோயில் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமடைகிறது. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும், அதனால் நமக்கே தெரியாது. கண்புரை மாதிரி ஆபரேஷன் செய்து மீட்கவும் முடியாது. போன பார்வை போனதுதான். மருந்து போட்டாலும் பார்வை கூடப்போவதில்லை. கண்ணின் அழுத்தத்தைக் குறைத்து, இருப்பதைக் காப்பாற்றுவது மட்டுமே அதன் வேலை. இதை ஆரம்பத்திலேயே யாராவது விளக்கிச் சொல்லியிருந்தால், பாதிப் பேர் நிறுத்தியிருக்கவே மாட்டார்கள்.

செக்கப்புக்கு முன்னாடி மட்டும் போட்டால்?

இதுதான் ரொம்ப ஆபத்து. மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, டாக்டரைப் பார்க்கும் முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகப் போடுவார்கள். அன்றைக்கு அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். ஆனால் பார்வைப் பரிசோதனையில் சேதம் கூடியிருக்கும். மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார், அல்லது ஆபரேஷன் பற்றிப் பேசுவார். வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போச்சு என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். டாக்டர்களுக்கு இது புதுசு இல்லை.

மறக்காமல் இருக்க என்ன வழி?

தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். இரவு மருந்து என்றால் பல் துலக்கும் இடத்தில், காலை மருந்து என்றால் காபி டம்ளர் பக்கத்தில் பாட்டில் இருக்கட்டும். போனில் அலாரம் வைக்கலாம். ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போட்டால் போதும். இரண்டு மடங்காகப் போட வேண்டாம்.

இதையும் கவனியுங்க. பல வீடுகளில் பாட்டில் மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்துபோகும். கை நடுக்கம், மூட்டுவலி உள்ள பெரியவர்கள் நான்கைந்து சொட்டு விட்டால் ஒன்றுதான் கண்ணில் விழும். கண்ணுக்கு ஒரு சொட்டே அதிகம், மீதி கன்னத்தில்தான் வழியும். அப்பா, அம்மாவைப் படுக்க வைத்து, கீழ் இமையை லேசாக இழுத்து, நீங்களே ஒரு சொட்டு விட்டுவிடுங்கள். பாட்டில் நுனி கண்ணில் படக்கூடாது. பிறகு கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய ஓரத்தை 2 நிமிடம் மெல்ல அழுத்திப் பிடிக்கணும். இல்லையென்றால் மருந்து மூக்கு, தொண்டை வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடமாவது இடைவெளி வேண்டும்.

எரிச்சல், சிவப்பு வந்தால்?

நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று மருந்து கேளுங்கள். லாட்டனோபிராஸ்ட் கண்ணைச் சிவக்க வைக்கலாம், இமை முடி நீளலாம். டார்சோலமைடு போட்டால் வாய் கசக்கும். டிமோலால் விஷயம் வேறு: ஆஸ்துமாவோ, இதயத் துடிப்பு குறைவாக இருக்கும் பிரச்சினையோ இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியே ஆகணும். போட்டபின் மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்க. செலவு பிரச்சினை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். விலை குறைந்த ஜெனரிக் மருந்து எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

சொட்டு மருந்தே ஒத்துவரலைன்னா?

'எஸ்எல்டி' என்ற லேசர் சிகிச்சை இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் தேவையில்லை, சில நிமிடத்தில் முடியும். பிரிட்டனில் நடந்து 2019-ல் வெளியான 'லைட்' ஆய்வில், முதலிலேயே இந்த லேசர் செய்துகொண்டவர்களில் சுமார் 74 சதவீதம் பேருக்கு 3 ஆண்டு முடிவில் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. எல்லா வகை கிளாக்கோமாவுக்கும் இது பொருந்தாது, பலனும் நாளாக ஆகக் குறையலாம். அதனால் லேசருக்குப் பிறகும் செக்கப் தொடரணும். டாக்டர் சொல்லும்வரை கையில் இருக்கும் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது.