சீதனமாகப் போன நாயும் கப்பலில் வந்த நாயும்

1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி அரசனின் கைதியாகப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் கிடந்தவர் ரொபர்ட் நொக்ஸ். தப்பிப் போய் 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றியும் கொஞ்சம் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குக் கலியாணம் முடித்து வைக்கும்போது வேடர் கொடுக்கும் சீதனம் வேட்டை நாய் என்பது அதிலுள்ள ஒரு தகவல். வீடும் வளவும் வயலும் நகையும் சீதனமாகப் போகிற மட்டக்களப்பில் இதைப் படிக்கிறவருக்குச் சிரிப்பு வரலாம். காட்டை நம்பிச் சீவித்த குடும்பத்துக்கு உடும்பைப் பொந்தில் மோப்பம் பிடிக்கிற, பன்றியை மறித்து நிற்கிற ஒரு நாய், விளைகிற வயலுக்குச் சமம்.

அந்த வேடரின் வழிவந்தவர்கள் மட்டக்களப்பு மாவட்டத்துச் சித்தாண்டிக்கு அந்நியர் அல்லர். சித்தாண்டி இருக்கிற அதே ஏறாவூர்ப்பற்றில்தான் களுவன்கேணியும் இருக்கிறது. குமார தெய்வத்துக்குச் சடங்கு செய்கிற ஊர் அது. மட்டக்களப்புக்கு வடக்கே கரையோரமாக வாழ்ந்த, தமிழ் பேசுகிற வேடரைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வு நூலிலும் எழுதினார்கள். அந்த வேடர் வைத்திருந்த நாய்க்குப் பரம்பரைப் பட்டியல் கிடையாது. மெலிந்த உடம்பு, குட்டை மயிர், முழங்கால் தாண்டிய உயரம். இன்றைக்கும் சித்தாண்டிச் சந்தியில் படுத்துக் கிடப்பது ஏறக்குறைய அதே நாய்தான்.

ஆனால் நாயைப் பற்றிய பழைய எழுத்து பெரும்பாலும் பெரிய நாயையே பாடிற்று. வால்மீகியின் அயோத்தியா காண்டத்தில் பரதன் ஊர் திரும்பும்போது, கேகய மன்னன் அரண்மனையில் வளர்ந்த, புலிப்பலம் கொண்ட பெரிய நாய்களைப் பரிசாகக் கொடுத்து அனுப்புகிறான். பாபிலோனை ஆண்ட பாரசீக ஆளுநர் இந்திய நாய்களை வைத்திருந்ததாகவும், அவற்றுக்குத் தீனி போடுவதற்காகவே நான்கு பெரிய கிராமங்களுக்கு வேறு வரி நீக்கப்பட்டிருந்ததாகவும் எரடோட்டசு எழுதுகிறார். நாலு ஊர் சேர்ந்து தீனி போட வேண்டிய நாய் அரசனுக்குப் பெருமை, ஊரவனுக்கு?

மகாவம்சம் காட்டுகிற நாய் வேறு விதம். விசயனும் கூட்டமும் இலங்கையில் இறங்கியவுடன் ஓர் இயக்கி நாய் வடிவில் அவர்கள் முன் வருகிறாள். ஊர் இருந்தால்தானே நாய் இருக்கும் என்று எண்ணி ஒருவன் அதன் பின்னால் போகிறான். எவ்வளவு பெரிய நாய் என்று அங்கே பேச்சில்லை. மனிதர் இருக்கிறார்கள் என்று அறிவிப்பதே அதன் வேலை.

பெரிய நாய் மலைநாட்டுக்குக் கப்பலில் வந்தது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பெயர் வாங்கிய சாமுவேல் பேக்கர், 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை அமைக்கப் புறப்பட்டபோது ஆட்களோடும் மாடு குதிரையோடும் நரிவேட்டை நாய்க் கூட்டமொன்றையும் கொண்டு வந்தார். துப்பாக்கியை வைத்துவிட்டு, நாய்களை விட்டு மரையைத் துரத்தி மடக்கிக் கத்தியால் குத்திக் கொல்வது அவருடைய விளையாட்டு. ‘பிரான்’ என்ற கிரேஹவுண்டும், மணிலா இரத்தம் கலந்த ‘ஸ்மட்’ என்ற முரடனும் அவருடைய புத்தகங்களில் மனிதப் பாத்திரங்களைப் போலவே உலாவுகின்றன. கிழக்கே மட்டக்களப்பை நோக்கிச் சரிகிற சமவெளிக்கும் அவர் துப்பாக்கியோடு வந்தார். அங்கே கண்ட வேடரை இளக்காரமாகத்தான் எழுதினார்.

ஆனால் அவருடைய நாய்களின் கதை அந்த இளக்காரத்துக்குப் பதில் சொல்கிறது. சில சிறுத்தைக்கு இரையாயின. சில பன்றிக் கொம்பிலும் மரைக் கொம்பிலும் போயின. மோப்பத்தை விடாமல் ஓடிக் காட்டுக்குள் தொலைந்தவையும் உண்டு. தூய இங்கிலாந்து நாய் இந்தக் காட்டுக்குச் சரிவராது என்று கண்டு பேக்கரே கலப்பு நாய்களுக்கு மாறினார். நுவரெலியாவின் குளிரிலேயே இந்தப் பாடு. 1855இல் அவர் நாட்டை விட்டுப் போனார்.

உலகின் மிகப் பெரிய நாய் இனங்கள் என்று இன்று சொல்லப்படுகிறவற்றுக்குப் புராதனப் புகழ் ஒட்டியிருந்தாலும், இப்போதைய உருவம் பெரும்பாலும் பேக்கர் காலத்துக்குப் பின் வந்தது. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி தொடங்கியது. 1873இல் கென்னல் கிளப் அமைந்தது. உயரத்துக்கும் எடைக்கும் பரிசு விழத் தொடங்கியது. ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்டைப் பாருங்கள். ஓநாயைக் கொல்ல நாய் இல்லாமற் போய்விடும் என்று 1652இல் குரொம்வெல் ஆட்சி அந்த நாயை ஏற்றுமதி செய்யத் தடை போட்டது. ஓநாய் அழிந்தபின் நாயும் அருகிப் போயிற்று. 1860களில் கப்டன் கிரகாம் என்பவர் ஸ்கொட்லாந்து மான்வேட்டை நாயையும் கிரேட் டேனையும் கலந்து அதை மறுபடி உருவாக்கினார். வேட்டையாட ஓநாயே இல்லாத காலத்தில் ஓநாய் வேட்டை நாய் முன்னிலும் உயர்ந்து நின்றது! ஆல்ப்ஸ் மலையில் ஆட்களைக் காப்பாற்றிப் புகழ்பெற்ற பாரி என்ற நாய், இன்றைய சென்ட் பெர்னாட்டை விடச் சிறியது.

பிறகு கின்னஸ் புத்தகம் அளவெடுத்தது. 1989இல் சோர்பா என்ற மாஸ்டிப் 155 கிலோவைத் தாண்டியது. 2011இல் அமெரிக்காவின் மிச்சிகனில் அளக்கப்பட்ட சியுஸ் என்ற கிரேட் டேன் தோள்வரை 111.8 சென்ரிமீற்றர். மூன்றே ஆண்டில், 2014இல், அது செத்துப் போயிற்று. இது தனியொரு நாயின் துரதிர்ஷ்டம் அல்ல. இந்த உருவத்து நாய்கள் பொதுவாக எட்டு, பத்து வயதுக்குள் முடிந்துவிடும். இதயமும் இடுப்பு மூட்டும் முதலில் விட்டுக்கொடுக்கும். நம் பக்கத்துப் பெரிய நாயான இராசபாளையம் வேறு கணக்கு. 2005இல் இந்தியத் தபால்தலையில் ஏறிய அந்த வெள்ளை வேட்டை நாய்க்கு உயரம் உண்டு; தசையும் மயிரும் அளவோடுதான்.

அந்த அளவுக்குக் காரணம் சூடு. உடம்பு பெருக்கப் பெருக்க, எடைக்கு ஏற்ற அளவு தோல் கூடுவதில்லை. உள்ளே பிறக்கிற வெப்பம் வெளியேற வழி குறைகிறது. நாய்க்கு மனிதனைப் போல மேனியெல்லாம் வியர்ப்பதும் இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் ஆற வேண்டும். மெலிந்த ஊர் நாய் மரநிழலில் மண்ணைக் கிளறிப் படுத்துச் சமாளித்துவிடும்.

சித்தாண்டிப் பண்ணையாளர்களின் மாட்டுப் பட்டிகள் மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் நிற்கின்றன. அந்த மேய்ச்சல் தரைக்காக 2023இல் அவர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் இருந்தது நாடறிந்த செய்தி. பட்டியடியிலும் வயல் வாடியிலும் இரவில் யானை வருவதை முதலில் அறிவிப்பது நாய்தான். யானைக்கு முன் 20 கிலோ நாயும் 100 கிலோ நாயும் ஒன்றே. குரைக்க வேண்டும், குரைத்தபின் ஓடித் தப்ப வேண்டும். இரண்டாவது வேலைக்கு மாஸ்டிப் ஆகாது.

இப்போது வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகளில் பெரிய சாதி நாய் வாங்கும் ஆசை தெரிகிறது. வாங்குகிறவர்கள் ஆவணிக் கச்சான் காற்றில் மத்தியானம் முற்றத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வாங்கட்டும். அப்படியும் வேண்டுமென்றால் நாள் முழுக்க நிழலும் தண்ணீரும் காற்றாடியும் அதற்கென்று ஒதுக்குங்கள். பகலில் சங்கிலியில் கட்டி வெயிலில் விடாதீர்கள்.