பெயர் மறைத்த கத்தரி

ஆங்கிலத்தில் ‘பௌட்லரைஸ்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அன்றாடப் பேச்சில் புழங்காது. மதிப்புரைகளில் எப்போதாவது தலைகாட்டும். ஒரு நூலில் ஆபாசமெனத் தாம் கருதுவதையெல்லாம் வெட்டியெறிந்து, ‘தூய’ பதிப்பாக்கித் தருவது என்று பொருள். பாராட்டாக யாரும் இதைச் சொல்வதில்லை. தாமஸ் பௌட்லர் என்ற மருத்துவரின் பெயரிலிருந்து பிறந்த சொல் என்று அகராதிகள் கூறும். ஒரு சிறு அநீதி ஒளிந்திருப்பது அங்கேதான்.

பௌட்லர் குடும்பம் இங்கிலாந்தின் பாத் நகரை அடுத்து வாழ்ந்தது. மாலைவேளைகளில் தந்தை ஷேக்ஸ்பியரை உரக்கப் படித்துக் காட்டுவாராம். பிள்ளைகள் கேட்கத்தகாத சொல் வந்தால், குரல் இடறாமல் தாண்டிச் சென்றுவிடுவார். எதுவோ விடுபட்டது என்ற ஐயமே கேட்டிருந்தவர்களுக்கு எழுந்ததில்லை என்று மகன் தாமஸ் பின்னாளில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

1807இல் ‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ என்ற தலைப்பில் 20 நாடகங்கள் 4 தொகுதிகளாகப் பாத் நகரில் வெளிவந்தன. பதிப்பாசிரியர் பெயர் இல்லை. அப்பணியைச் செய்தவர் தாமஸ் அல்லர்; அவருடைய தமக்கை ஹாரியட். மணம் செய்துகொள்ளாதவர். 1801இல் அவர் பெயரின்றி வெளியிட்ட சமயச் சொற்பொழிவுகள் பன்முறை மறுபதிப்புக் கண்டவை.

ஷேக்ஸ்பியரில் மட்டும் பெயரை மறைக்க இன்னொரு காரணமும் இருந்திருக்க வேண்டும். ஒன்றை வெட்டுவதற்கு முன் அது விளங்கியாக வேண்டுமல்லவா? நாடகங்களின் சிலேடைகள், மறைபொருள்கள் அத்தனையும் தமக்குப் புரிந்தன என்று அக்காலத்து நற்குடிப் பெண்ணொருத்தி எப்படி ஒப்புக்கொள்வார்?

1818இல் 36 நாடகங்களுடன் 10 தொகுதிகளாகப் புதிய பதிப்பு வந்தது. இம்முறை முகப்பில் தாமஸின் பெயர். மூலத்தோடு எதையும் சேர்க்கவில்லை என்று அறிவித்தாலும், கடவுளை விளித்த இடங்களில் ‘வானகமே’ என்று மாற்றிவைக்க அவர் தயங்கவில்லை. நான்காம் ஹென்றியின் இரண்டாம் பாகத்தில் ஃபால்ஸ்டாஃபின் தோழியான பரத்தை டால் டேர்ஷீட் அடியோடு காணாமற்போனாள். ‘ஒத்தெல்லோ’ மட்டும் கத்தரிக்கு வசப்படவில்லை. குடும்பத்தினர் கூடிப் படிக்க அது ஏற்றதன்று. கூடத்திலிருந்து எடுத்துத் தனியறை அலமாரியில் வைத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டார். தோல்வியை ஒப்புக்கொண்ட அந்த நேர்மைக்காகவே அவர்மீது எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

நம் இலக்கணத்தில் இடக்கரடக்கல் உண்டே என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. அது பேசுபவர் தம் சொல்லைத் தாமே மறைத்துக்கொள்வது. இதுவோ பிறர் வாயைப் பொத்துவது.

1821இல் ‘பிளாக்வுட்ஸ்’ இதழ் இம்முயற்சியைச் சாடியது. ‘எடின்பரோ ரிவ்யூ’ பாராட்டியது. சண்டையால் விற்பனை பெருகியதுதான் மிச்சம். தாமஸ் 1825இல் மறைந்தார். கிப்பனின் ரோமானிய வரலாற்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தப் பதிப்பு அடுத்த ஆண்டு வெளிவந்தது. 1836இல் பெரோனெட் தாம்சன் என்ற அரசியலாளரின் எழுத்தில் அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது.

நோயல் பெர்ரின் 1969இல் எழுதிய நூலுக்குப் பின்னரே ஹாரியட்டின் பங்கு பரவலாகத் தெரியவந்தது. அவர் 1830இல் இறந்தபோது, ‘குடும்ப ஷேக்ஸ்பிய’ரின் முகப்பில் தம்பியின் பெயர் மட்டுமே இருந்தது.