தேயிலை வேரும் மண்வாழ் பற்றீரியாக்களும்

கினிகத்தேனையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், ஒரே மழையை வாங்கும் ஒரே சரிவில், விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலையும், வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கப்பட்ட 'வீ.பீ.' தேயிலையும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். ஒரு மலையில் கொழுந்து செழிக்க, மறு மலையில் அது மெலிந்து போவதற்குக் காரணமாக வகை, உரம், பராமரிப்பு ஆகியனவே வழக்கமாகக் கூறப்படுகின்றன. வேரைச் சுற்றி வாழும் பற்றீரியாக்கள் பற்றிப் பேசுவோர் குறைவு. நிர்ணயிக்கப்பட்ட கிலோவை எட்டாதவருக்கு அரைப்பேர் போடப்படும் தோட்டத்தில், மெலிந்த மண்ணின் நட்டத்தை முதலில் சுமப்பவர் கொழுந்து பறிக்கும் தொழிலாளியே.

வேரோடு ஒட்டிய மண், அதிலிருந்து சில அங்குலம் தள்ளியிருக்கும் மண்ணைப் போன்றதன்று என்பதை 1904ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர் எடுத்துக்காட்டினார். இப்பகுதியை வேர்மண்டலம் என்கிறோம். வேர்கள் கசியவிடும் சர்க்கரைகளையும் அமிலங்களையும் உண்டு வாழும் நுண்ணுயிர்கள், நைதரசனையும் பொஸ்பரசையும் செடி உறிஞ்சத்தக்க வடிவுக்கு மாற்றித் தருகின்றன. சில வேர்நோய்களைத் தடுக்கவும் செய்கின்றன.

இப்பற்றீரியாக்களைத் தெரிவு செய்வது மண்ணா, செடியின் வகையா? இவ்வினாவுக்குத் தெளிவான விடைகளுள் ஒன்று, கஞ்சாச் செடியிலிருந்து கிடைத்தது. அச்செடியின் ஐந்து வகைகளை ஆராய்ந்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட முடிவின்படி, மண்ணிலும் வேர்மண்டலத்திலும் வேரிலும் எவ்வெப் பற்றீரியாக்கள் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் மண்ணே நிர்ணயிக்கிறது. வேரின் உட்பகுதியில் அவற்றுள் எவை மேலோங்கும் என்பதிலேயே வகையின் செல்வாக்கு மிகுகிறது. மண் பந்தி விரிக்கிறது. செடி தனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது எனலாம். பந்தியில் இல்லாததை எந்த உயர்ந்த வகையாலும் எடுத்துக்கொள்ள இயலாது.

தேயிலையின் கதை இன்னும் விசித்திரமானது. பொதுவாக வேர்மண்டலத்தில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். ஆனால் இந்திய இமயமலைச் சாரலில் 1990களில் நடந்த ஆய்வில், முதிர்ந்த தேயிலைச் செடிகளின் வேரருகே அவை சுற்றுப்புற மண்ணிலுள்ளதைவிடக் குறைந்திருந்தன. இளஞ்செடிகளில் அவ்வாறில்லை. நீண்ட காலம் ஒரே இடத்தில் நிற்கும் தேயிலை தன் வேரடி மண்ணை மேலும் அமிலமாக்கி, தாக்குப்பிடிக்கக்கூடிய பசிலஸ் போன்ற சில இனங்களையே அங்கு விட்டுவைக்கிறது.

விதைத் தேயிலையில் ஒவ்வொரு செடியும் மரபில் வேறுபட்டது. வீ.பீ. மலையிலோ ஆயிரக்கணக்கான செடிகள் ஒரே தாய்ச்செடியின் நகல்கள். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையிலிருந்து வெளியிட்ட டீ.ஆர்.ஐ. 2025 போன்ற வகைகள் விளைச்சலைப் பெருக்கின என்பதில் ஐயமில்லை. எனினும், கஞ்சாச் செடியில் கண்ட விதி தேயிலைக்கும் பொருந்துமாயின், ஒரே வகை நிறைந்த மலையில் வேரின் உள்ளே குடியேறும் நுண்ணுயிர்களின் பன்மையும் சுருங்கக்கூடும். மலைநாட்டு ஆய்வுகள் இத்திசையில் மேலும் கவனஞ்செலுத்த வேண்டும் என்பது எமது கருத்து.

மண்ணின் நிலையோ கவலைக்குரியது. தேயிலைக்கு ஏற்ற பீ.எச். அளவு 4.5 முதல் 5.5 வரையாகும். தென்மேல் பருவமழை கொட்டும் கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகளில் கல்சியமும் மக்னீசியமும் மழைநீரோடு கழுவிச் செல்லப்படுகின்றன. போதாக்குறைக்கு, ஆண்டாண்டாக இடப்படும் அமோனியம் சல்பேற்றைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் வெளிப்படுகிறது. கவ்வாத்து வெட்டும் காலத்தில் டொலமைற் இடுமாறு ஆலோசனை கூறப்படுவது இதனாலேயே. செலவைக் குறைக்க முனையும் நிர்வாகங்கள் முதலில் கைவிடுவதும் இத்தகைய வேலைகளையே.

இரசாயன உரத்தை நிறுத்திவிட்டால் மண் தானே உயிர்பெறும் என்ற நம்பிக்கைக்கும் நாம் விலை கொடுத்திருக்கிறோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. பொருளாதார நெருக்கடியும் இதற்குக் காரணமாயினும், உரத் தட்டுப்பாட்டின் பங்கு பெரிது. சேதனப் பசளையிலுள்ள நைதரசனைப் பற்றீரியாக்கள் சிதைத்த பின்னரே வேர் பெற முடியும். பல்லாண்டுகளாக மெலிந்துபோன நுண்ணுயிர்க் கூட்டம் ஒரே பருவத்தில் அப்பணியைச் செய்யும் என எதிர்பார்த்ததே தவறு.

ஆய்வுகூடத்தில் வளர்த்த நுண்ணுயிர்களை உரமாக இடும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் காமினி செனவிரத்ன தலைமையில் உருவான உயிர்ப்படல உரம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. தனித்தனி இனங்களாக அன்றி, பூஞ்சணமும் பற்றீரியாவும் ஒன்றாகப் பிணைந்த படலமாக அவற்றை மண்ணில் சேர்ப்பது இதன் சிறப்பு. ஆயினும் வெளியிலிருந்து சேர்க்கப்படும் எந்த நுண்ணுயிரும் அமிலம் மிகுந்த, இலைமக்கு இழந்த மண்ணில் தங்கிப் பெருகுவது எளிதன்று.

பழைய வழியொன்று ஏற்கெனவே கையில் உள்ளது. முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கியபின் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்த்து மண்ணைத் தேற்றி, அதன்பின் புதிய கன்று நடுவதே அது. புதுக்கன்றுகள் பறிப்புக்கு வரும் காலத்தையும் சேர்த்தால், அந்நிலத்திலிருந்து ஐந்தாண்டளவு வருமானம் இராது. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிற்றுடைமையாளர் உதவித்தொகையின்றி இதைத் தாங்கிக்கொள்வது கடினம். பகுதி பகுதியாக மறுநடுகை செய்வோர் கவனிக்க வேண்டியது மற்றொன்று: வெட்டிய புல்லை அந்த நிலத்திலேயே பரப்பி மக்கவிட வேண்டும். குவாத்தமாலாப் புல் முழுவதும் மாட்டுத் தீவனமாக வெளியேறிவிட்டால், அங்குள்ள பற்றீரியாக்களுக்கு உணவாக எஞ்சுவது வேர்கள் மட்டுமே.