செஃப் சேமிப்பு மென்பொருள்: பதிப்பு மாற்றங்களின் வரலாறு

செஃப் என்பது பல வழங்கிகளில் உள்ள வட்டுகளை ஒன்றுசேர்த்து ஒரே பெரிய சேமிப்பகமாகப் பயன்படுத்த உதவும் திறமூல மென்பொருள். இது ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்னும் முறையை அடிப்படையாகக் கொண்டது. இம்முறையில் கோப்புறைக்குள் கோப்புறை என்ற அடுக்குகள் கிடையாது. ஒவ்வொரு தரவுத் துண்டும் தனக்கென ஒரு பெயருடன் தனிப் பொருளாக வைக்கப்படும். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள் வெவ்வேறு வழங்கிகளில் இருக்கும். ஒரு வட்டு பழுதானால், மீதமுள்ள படிகளைக் கொண்டு இழந்த படியை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக இதை உருவாக்கினார். இதை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2006இல் வெளியானது. 2012இல் இதற்கென இங்க்டாங்க் என்ற நிறுவனம் தோன்றியது. 2014இல் ரெட் ஹேட் அதை வாங்கியது. செஃப் என்ற பெயர் தலைக்காலி உயிரினங்களின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. பதிப்புகளும் ஆங்கில அகர வரிசையில் அவ்வகைப் பெயர்களையே பெறுகின்றன: ஆர்கோனாட், பாப்டெயில், கட்டில்ஃபிஷ் என்று தொடங்கி ஆக்டோபஸ், ஸ்க்விட் என்று தொடர்கின்றன. நம் கடற்கரையில் ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய், ஊசிக்கணவாய் என்று சொல்லப்படுபவையும் இக்குடும்பமே.

செஃப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது சேமிப்பகத்தை நிறுத்துவதில்லை. பயனர்கள் எழுதியும் படித்தும் கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வழங்கியாக மாற்ற வேண்டும். இதற்கு ஒரு வரிசை உண்டு. சேமிப்பகத்தின் நிலையைக் கண்காணித்துப் பெரும்பான்மை முறையில் முடிவெடுக்கும் மானிட்டர்கள் முதலில் மாற்றப்படும். அடுத்து, வட்டுக்கு ஒன்றாக இயங்கும் ஓஎஸ்டி நிரல்கள். பயனரின் கோரிக்கைகளை வாங்கும் நுழைவாயில் நிரல்கள் கடைசியில். வேலை தொடங்குமுன் ‘நோ அவுட்’ என்ற குறியை இடுவது வழக்கம். இல்லாவிட்டால், மறுதொடக்கத்துக்காகச் சற்று நின்ற வட்டை இறந்ததாகக் கருதி, சேமிப்பகம் அதன் தரவையெல்லாம் வேறிடத்தில் படியெடுக்கத் தொடங்கிவிடலாம். விடுப்பில் போன மாணவனின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்காமல் வைத்திருப்பதைப் போன்றது இது. மாற்றம் முழுமையடைந்த பின் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. பதிப்பு மாற்றத்தின் கவலையெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

2015 நவம்பரில் வந்த இன்ஃபர்னாலிஸ் பதிப்பு இதற்கு ஒரு நல்ல சான்று. அதுவரை செஃப் நிரல்கள் கணினியின் முழு அதிகாரம் பெற்ற ரூட் பயனரின் பெயரில் இயங்கின. பாதுகாப்புக் கருதி, இனி அவை ‘செஃப்’ என்ற தனிப் பயனரின் பெயரில் இயங்கும் என்று மாற்றினார்கள். நியாயமான மாற்றம்தான். ஆனால் ஏற்கெனவே வட்டுகளில் இருந்த கோப்புகள் எல்லாம் ரூட்டுக்கு உரியவை. அக்காலத்தில் ஒவ்வொரு பொருளும் வட்டில் ஒரு தனிக் கோப்பாகவே இருந்தது. ஆகவே எண்ணற்ற கோப்புகளின் உரிமையை மாற்றி எழுத வேண்டியிருந்தது. அது முடியும்வரை அந்த வட்டின் ஓஎஸ்டியைத் தொடங்க முடியாது. காத்திருக்க முடியாதவர்களுக்காக, பழைய உரிமையுடனேயே நிரலை இயக்கும் அமைப்பும் தரப்பட்டது.

பொருளைக் கோப்பாக வைக்கும் அந்த முறைக்கு ஃபைல்ஸ்டோர் என்று பெயர். அதில் ஒவ்வொரு தரவும் முதலில் குறிப்பேட்டிலும் பிறகு உரிய கோப்பிலுமாக இருமுறை எழுதப்பட்டது. 2017 ஆகஸ்டில் வந்த லூமினஸ் பதிப்பில், வட்டில் நேரடியாக எழுதும் புளூஸ்டோர் இயல்பு முறையாயிற்று. பழையதை இருந்த இடத்திலேயே புதியதாக மாற்ற இயலாது. வட்டைக் காலிசெய்து, புதிதாக அமைத்து, மற்றப் படிகளிலிருந்து நிரப்ப வேண்டும். நூற்றுக்கணக்கான வட்டுகள் உள்ள இடங்களில் இது எவ்வளவு நீண்ட வேலை என்று சொல்லத் தேவையில்லை.

2020இல் ஆக்டோபஸ் பதிப்புடன் செஃப்ஏடிஎம் என்ற கருவி வந்தது. மேலே சொன்ன வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். நிர்வாகி ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும்.

அடுத்த பதிப்பான பசிபிக் 2021 மார்ச் 31 அன்று வெளியானது. பொருள்களுடன் சேர்த்து வைக்கப்படும் ‘ஓமேப்’ என்ற சிறு குறிப்புகளின் வடிவம் அதில் மாறியது. ஒரு பக்கெட்டில் எந்தெந்தப் பொருள்கள் உள்ளன என்ற பட்டியல் இந்த ஓமேப்பில்தான் இருக்கிறது. பழைய குறிப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் பகுதியில் ஒரு பிழை இருந்தது. அது குறிப்புகளைச் சிதைத்துவிடக்கூடியது. பதிப்பு வெளிவந்து ஏழு மாதங்கள் கழித்து, 2021 நவம்பர் 1 அன்று, பழைய பதிப்பிலிருந்து பசிபிக்குக்கு மாற வேண்டாம் என்று செஃப் ஆவணத்திலேயே எச்சரிக்கை இடப்பட்டது. புதிதாக அமைத்தவர்களுக்குப் பாதிப்பில்லை. மாறியவர்களுக்கும், ஓஎஸ்டி தொடங்கும்போது விரைவுத் திருத்தம் செய்யும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தாலோ, பழுதுபார்ப்புக் கட்டளையைக் கையால் கொடுத்தாலோதான் ஆபத்து. அந்த அமைப்பை உடனே நிறுத்தும்படி கூறப்பட்டது.

மூன்று படிகள் இருக்கும்போது ஒன்று சிதைந்தால் என்ன என்று கேட்கலாம். வட்டு பழுதாவது தற்செயல். மூன்று வட்டுகள் ஒரே நாளில் பழுதாவது அரிது. ஆனால் பதிப்பு மாற்றத்தில் மூன்று படிகளையும் அதே நிரல்தான் தொடுகிறது. முதல் வட்டில் செய்த பிழையை அடுத்தடுத்த வட்டுகளிலும் அது செய்யக்கூடும். படிகளின் எண்ணிக்கை அங்கே காப்பாவதில்லை. தனியே, வேறோர் இடத்தில் எடுத்து வைத்த காப்புநகல் மட்டுமே உதவும். அனுபவமுள்ள நிர்வாகிகள் புதிய பதிப்பு வந்தவுடன் மாறாமல் சில திருத்தப் பதிப்புகள் வரும்வரை காத்திருப்பதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது.

பிழை நீங்கிய 16.2.7 பதிப்பு 2021 டிசம்பரில் வந்தது. 2023 ஆகஸ்டில் வெளியான ரீஃப் பதிப்பில் ஃபைல்ஸ்டோர் முற்றிலும் நீக்கப்பட்டது. அதுவரை பழைய முறையிலேயே இருந்த வட்டுகளைப் புளூஸ்டோருக்கு மாற்றிய பிறகே அப்பதிப்புக்குப் போக முடிந்தது.